முருகனின் முதுகில் ஒரு தலைவர்

ரோம சாம்ராச்சியம் விழுந்து ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அதன் மேல் இன்றுவரை கோபம் தீராமல் இருக்கும் மனிதர் இந்த உலகத்தில் ஒரேயொருவர்தான். அவர் யாழ்ப்பாணத்தார். ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் சலவை மெஷின் திருத்திய மனிதர். இத்தாலிக்காரர்களே எல்லாவற்றையும் மறந்து தங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் மட்டும் விடமாட்டேன் என்கிறார்.

அவருக்கு ரோமாபுரியார் என்று பெயர் வைத்தது எங்கள் கோயில் மடைப்பள்ளி. அங்கே வெங்காயம் உரிக்காத சமையலுக்குக் கூடும் நாலைந்து பேர் ஊரில் உள்ள எல்லோருக்கும் பெயர் வைப்பார்கள். எனக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. அவருடைய சொந்தப் பெயர் அர்ச்சனைச் சீட்டில் மட்டும் இருந்தது. இந்தக் கட்டுரையை நான் அவர் மேல் உள்ள கோபத்தில் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் பின்னேரத்தைத் தின்கிற மனிதரைப் பற்றி வேறெப்படி எழுதுவது?

கதை ஒரு மெஷினில் தொடங்குகிறது. ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் உயர்ந்த வாடகைக் கட்டடங்களின் நிலக்கீழ் அறைகளில், காசு போட்டால் ஓடும் சலவை மெஷின்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்று நின்றுவிட்டால் ரோமாபுரியாரைக் கூப்பிடுவார்கள். காசு போடும் துவாரத்துக்குள் சனங்கள் என்னவெல்லாம் திணிப்பார்கள் என்று அவரிடம் கேட்டால் ஒரு மணித்தியாலம் போகும். சட்டைப் பொத்தான், வேறு நாட்டுச் சில்லறை, ஒருமுறை காது கேட்கும் கருவியின் பற்றரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கழற்றிய மெஷினுக்குள் இருந்து வந்தது கறுத்துப்போன ஒரு செப்புக் காசு. ஆர் போட்டது, ஏன் போட்டது என்று கடைசிவரை தெரியவில்லை. உடுப்புத் தோய்க்க வழியில்லாமல் யாரோ தன் நாட்டுத் தோட்டத்தில் கிடைத்ததைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அவர் அதைச் சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தார். ஒரு பக்கத்தில் நின்ற கோலத்தில் ஒரு ஆண் உருவம். தலையைச் சுற்றிக் கதிர்கள். வலது கை உயர்ந்து நின்றது, அபயம் தருவது மாதிரி. காலடியில் முயலகன் போல ஒருவன் சுருண்டு கிடந்தான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு. அவருக்கோ அப்போது சூரிய திசை நடந்துகொண்டிருந்தது. இத்தனையும் ஒன்றாக வந்தால் யாழ்ப்பாணத்துச் சைவன் ஒருவன் என்ன முடிவுக்கு வருவான்? சூரிய பகவான் மல்வேர்ன் சலவை அறையில் தனக்குக் காட்சி தந்துவிட்டார் என்ற முடிவுக்குத்தான் வருவான். மிச்ச மெஷின்களைப் பிறகு பார்க்கலாம் என்று கதவைப் பூட்டிக்கொண்டு நேரே கோயிலுக்கு வந்தார்.

எங்கள் கோயில் ஒரு தொழிற்பேட்டையில் இருக்கிறது. முன்பு கார்ப்பெற் குடோன். ஒரே நீளக் கட்டடத்தைச் சுவர்போட்டுப் பிரித்ததில் ஒரு பகுதி முருகனுக்கும் பக்கத்துப் பகுதி கார் நெளிவு எடுக்கும் கராஜுக்கும் கிடைத்தது. மூலஸ்தானத்துக்கும் கராஜுக்கும் பொதுச் சுவர். உள்ளே நவக்கிரகமும் உண்டு. ஐயர் காசை வாங்கிப் பார்த்தார். கண்ணில் ஒற்றினார். பாலால் கழுவி, ஒரு வெள்ளித் தட்டில் வைத்து, சூரியனின் பாதத்தில் கொண்டுபோய் வைத்தார். சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமப் பொட்டு. விஷயம் பரவி ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் வரத் தொடங்கியது. சூரியன் நீசமாக இருந்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று அர்ச்சனை செய்தார்கள். நானும் செய்தேன். பிள்ளைகள் இரண்டு பேருடைய நட்சத்திரமும் சொல்லிச் செய்தேன்.

ஆறு ஞாயிறு போனது. பிறகு ரோமாபுரியார் அந்தக் காசைப் படம் எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் பழைய நாணயம் விற்கும் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் படத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். காசு ரோமாபுரிக் காசு. நிற்பது சூரியன்தான், அதில் பிழை இல்லை, அவர்களும் சூரியனைக் கும்பிட்டவர்கள். மற்றப் பக்கத்தில் இருப்பது ஒறேலியன் என்ற சக்கரவர்த்தி. அவனும் தலையில் கதிர் வைத்த முடிதான் போட்டிருக்கிறான்.

ரோமாபுரியார் கோயிலுக்கு ஓடிவந்து நவக்கிரகத்தடியில் குனிந்து பார்த்தார். ஐயர் பாவம், இரண்டு பக்கமும் கதிர் இருந்ததால் முகம் பெரிதாகத் தெரிந்த பக்கத்தை மேலே வைத்துவிட்டார். சூரியன் தட்டில் குப்புறக் கிடந்தார். ஆறு கிழமையாகச் சந்தனமும் குங்குமமும் தீபமும் ஒறேலியனுக்கு. என் பிள்ளைகளின் நட்சத்திரமும் ஒறேலியனுக்கு.

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், அல்லது மெல்லக் காசை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இவருக்கு வந்தது கோபம். ஐயரின் மேல் இல்லை. ஐயரைக் கொண்டு பிராயச்சித்தம் செய்வித்து, காசைச் சூரியன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஒறேலியனின் மேல் கோபித்தார். சாமியின் தலையில் இருந்த கதிரை எடுத்துத் தன் தலையில் வைத்த மனுசன் என்ன மனுசன் என்று கேட்டார். அன்றைக்குத் தொடங்கிய கேள்வி இன்னும் ஓயவில்லை.

அதற்குப் பிறகு அவர் காசு சேர்க்கத் தொடங்கினார். தேய்ந்து போன, மலிவான ரோமாபுரிக் காசுகள். அவற்றை இருமல் இனிப்பு வந்த தகர டப்பாவில், ஒவ்வொன்றாக ரிஷூக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் தமிழில் ஒரு துண்டு. வரலாறு படித்தவர்கள் அரசனின் பெயரையும் வருடத்தையும் எழுதுவார்கள். இவர் குற்றத்தை எழுதினார். சிங்கத்தோலைத் தலையில் போட்டுக்கொண்டு தன்னை வீரத் தெய்வமாக அடிப்பித்த கொமோடஸுக்கு ‘நடிகன்’. முக்காடு போட்டுப் பலிபீடத்தில் தீர்த்தம் ஊற்றுகிற மாதிரிக் காசில் நிற்கும் இன்னொருவனுக்கு ‘போட்டோவுக்குப் பூசை செய்தவன்’. கொன்ஸ்ரன்ரைன் மேல் தனிக் கோபம். அவன் தன் காசில் சூரியனை நிற்க வைத்து, ‘என் கூட்டாளி’ என்று எழுதுவித்தவன். பிறகு வேறு சமயத்துக்குச் சாய்ந்து சூரியனைக் காசிலிருந்து எடுத்துவிட்டான். சாமியைக் கூட்டாளி என்றது ஒரு குற்றம், கூட்டாளியை நடுவழியில் விட்டது இரண்டாம் குற்றம். இதை அவர் எனக்கு விளக்கியது ஒரு கலியாண வீட்டில், மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருந்தபோது.

அந்த டப்பாவால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவர் அதைக் காற்சட்டைப் பையில் வைக்கமாட்டார். சாமி இருக்கிற காசின் மேல் குந்துவதோ என்பார். எந்த நாட்டுச் சாமியாக இருந்தாலும் அவருக்குச் சாமி சாமிதான். சட்டைப் பையில் வைப்பார், நெஞ்சு ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். கழிப்பறைக்குப் போகவேண்டி வந்தால் டப்பாவைப் பக்கத்தில் நிற்பவரின் கையில் கொடுத்துவிட்டுப் போவார். பக்கத்தில் நிற்பவர் எப்போதும் நான். ரைபீரியஸ் என்ற சக்கரவர்த்தி காலத்தில் அவன் தலை போட்ட காசோடு கக்கூசுக்குப் போனால் தலையே போகும் என்று ஒரு கதை உண்டாம். அவன் தன் மூஞ்சைக்குக் கேட்ட மரியாதையை நான் சாமிக்குக் குடுக்கிறன் என்பார். ஒருமுறை மண்டபத்தில் என்னைப் பேச மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் டப்பாவை ஏந்திக்கொண்டு ஆண்கள் கழிப்பறை வாசலில் நின்றேன்.

தை மாதம் வந்தால் இன்னொரு தொல்லை. ரொறொன்ரோவில் தமிழ் வீடுகளில் தொங்கும் கலண்டர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே பிள்ளையாரோ முருகனோ இருப்பார். பக்கத்திலே, கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, பல்லெல்லாம் தெரிய, வீடு விற்கும் முகவர் இருப்பார். சில கலண்டர்களில் சாமியைவிட முகவர் பெரியவர். ரோமாபுரியார் ஒவ்வொரு வீடாகப் போய்க் கத்தரிக்கோல் கேட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது, முகவரின் உருவத்தைக் காது மடல்கூடச் சேதமாகாமல் சுற்றி வெட்டி எடுத்து, அதை என் மனைவியின் கையில் மரியாதையாகக் கொடுத்து, தேவையென்றால் இவரை வேறாக வைத்துக் கும்பிடுங்கோ என்றார். அந்த முகவரைக் கொண்டுதான் நாங்கள் அந்த மாதம் வீடு விற்க இருந்தோம். என் மனைவி அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை, எனக்கும் கொடுக்கவில்லை.

வெட்டப்பட்ட முகவர் வேறு யாருமில்லை, எங்கள் கோயில் தலைவர். நான் செயலாளர். தலைவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். குடோனைக் கோயிலாக்க வங்கி வங்கியாக அலைந்தவர் அவர்தான். ஆனால் கமராவைக் கண்டால் ஒதுங்கி நிற்கமாட்டார், அதற்கு முன்னால் போய் நிற்பார். கும்பத்தை ஐயரிடமிருந்து வாங்கித் தலையில் வைத்துப் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

இனி நான் செய்த வேலையைச் சொல்லவேண்டும். கும்பாபிஷேகம் வர இருந்தது. வந்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்று சபை யோசித்தது. எவர்சில்வர் தட்டு எல்லோர் வீட்டிலும் குவிந்து கிடக்கிறது. வெள்ளிக்காசு அடிப்போம் என்று சொன்னவன் நான். ஒரு பக்கம் வள்ளி தெய்வயானையோடு முருகன். மற்றப் பக்கம் கோயிலின் பெயரும் திகதியும். அவ்வளவுதான் நான் சொன்னது. மாதிரிப் படம் வந்தபோது திகதி ஓரத்துக்குப் போயிருந்தது. நடுவில் தலைவர் இருந்தார். படம் வரைந்தவர் வேலை மிச்சம் என்று, முருகனைச் சுற்றி வரைந்த திருவாசியை அப்படியே பிரதியெடுத்துத் தலைவரைச் சுற்றியும் போட்டுவிட்டார். சுவாலை எழும் வளைவுக்குள், கழுத்துப்பட்டியோடு, தலைவர்.

சபையில் படம் கையிலிருந்து கைக்குப் போனது. வடிவாய் இருக்குது என்றார் பொருளாளர். தலைவர், எனக்கு உதிலை பெரிய விருப்பமில்லை, நீங்கள் எல்லாரும் சொல்லுறியள் எண்டபடியால், என்றார். யாரும் சொல்லவில்லை. என் கண்ணுக்கு ஒறேலியன் தெரிந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரம் என் மகளின் வீட்டுக் கடனுக்குத் தலைவர் உதவிக்கொண்டிருந்தார் என்பதும் ஒரு காரணம். வேறு காரணம் தேடினால் கிடைக்கும், ஆனால் இதுதான் காரணம்.

பொதுக்கூட்டத்தில் ரோமாபுரியார் எழுந்தார். அவருக்கு அந்தக் கோயிலில் பதவி ஒன்றும் கிடையாது. வெள்ளிக்கிழமைப் பூசை முடிவில் பதிகம் பாடுகிறவர், அவ்வளவுதான். பதினேழு வருடமாகப் பாடினார், ஒரு வெள்ளி தவறவில்லை. பனிப்புயலில் பஸ் நின்றபோது மூன்று தரிப்பிடம் நடந்து வந்து பாடினார். குரல் தேன் என்று சொல்லமுடியாது. தகரத்தில் ஆணி விழுந்த மாதிரி ஒரு கரகரப்பு. ஆனால் அந்தக் குரல் கேட்டால்தான் எங்களுக்குப் பூசை முடிந்த மாதிரி இருக்கும். அவருக்கோ கிழமையில் அந்தப் பத்து நிமிடம்தான் எல்லாமே. மனைவி காலமாகிவிட்டா, மகள் வேலை வேலை என்று ஓடுகிறாள், மற்ற நேரமெல்லாம் நிலக்கீழ் அறைகளில் மெஷின்களோடு தனியே பேசிக்கொண்டிருப்பவர். அந்த இடத்தை இழக்கக்கூடும் என்று தெரிந்துகொண்டுதான் எழுந்தார்.

நவக்கிரகத்தடியிலிருந்து ஐயரிடம் கேட்டு வாங்கி வந்த ஒறேலியனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

“ஐயர் தெரியாமல் பொட்டை மாறி வைச்சவர். நாங்கள் பிராயச்சித்தம் செய்தம். நீங்கள் தெரிஞ்சுகொண்டு செய்யிறியள். கலண்டர் எண்டால் மார்கழியோடை குப்பைக்குப் போகும், நான் கத்தரிக்கோலோடை விட்டிட்டன். காசு அப்பிடிப் போகாது. இந்த மனுசன் செத்து ஆயிரத்தெழுநூறு வருசம் கழிச்சு மல்வேர்னிலை ஒரு மெஷினுக்குள்ளை இருந்து வந்து எங்கடை பூசையை வாங்கிப்போட்டான். உங்கடை மூஞ்சை முருகன்ரை முதுகிலை ஒருக்கால் ஒட்டினால் ஆராலை கழட்டேலும்?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. தலைவர் கோபத்தைக்கூடத் தாங்கியிருப்பார். அடுத்த சபைக் கூட்டத்தில் ஒழுக்கம், கட்டுப்பாடு, கோயிலின் நற்பெயர் என்று மூன்று சொல்லை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். முடிவில் ஒரு கடிதம். தங்களுடைய பாடல் சேவை தற்போது தேவைப்படவில்லை என்பதை அறியத்தருகிறோம். இப்படிக்கு, செயலாளர். கையெழுத்துப் போட்டது இந்தக் கைதான். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, என் மேலேதான்.

அடுத்த வெள்ளி பதிகத்துக்கு ஆளில்லை. தலைவரின் மருமகன் தொலைபேசியை ஒலிவாங்கியடியில் பிடித்துப் பதிவு செய்த பாட்டொன்றைப் போட்டான். இரண்டாம் வரியில் விளம்பரம் வந்தது. ஐயர் தீபத்தோடு நிற்க, சனம் கைகூப்பி நிற்க, ஒரு பெண் குரல் முழங்கால் வலிக்குத் தைலம் விற்றது. ஐந்து விநாடி கழித்துத்தான் நிறுத்தலாமாம்.

மூன்றாம் வெள்ளி, மருமகன் தொலைபேசியை எடுக்குமுன் சுவர் பாடியது. மூலஸ்தானத்துக்குப் பின்பக்கத்துச் சுவர். கரகரத்த குரல், சொல் ஒன்றும் பிசகாமல். ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

தலைவர் என்னைக் கராஜுக்கு அனுப்பினார். கராஜ் உரிமையாளர் ஒரு வயதான இத்தாலிக்காரர். நெளிந்த கார்களுக்கு நடுவே ரோமாபுரியாருக்கு இருக்க ஒரு கதிரையும் குளிருக்குச் சூடாக்கியும் போட்டுக் கொடுத்திருந்தார். இருவருக்கும் அதற்கு முன்பே பழக்கம். ரோமாபுரியார் போய் உங்கடை அரசர்கள் இப்பிடிச் செய்தவை என்று டப்பாவைத் திறந்து சண்டைபிடிப்பாராம், இத்தாலிக்காரர் எங்கள் ஊரிலும் அவர்களை யாருக்கும் பிடிக்காது என்று சமாதானம் சொல்லுவாராம். நான் சத்தத்தைப் பற்றி மெதுவாகச் சொன்னேன். இருபது வருடமாக உங்கள் மணியும் மேளமும் என் சுவருக்குள்ளால் வருகிறது, நான் என்றைக்காவது வந்தேனா என்று அந்த மனிதர் கேட்டார். நான் திரும்பி வந்துவிட்டேன். ரோமாபுரியார் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அப்படியே நாலு மாதம் நடந்தது. ஐயர் தீபம் காட்டிவிட்டுச் சுவர் பாடி முடியும்வரை விபூதி கொடுக்காமல் நிற்பார். உள்ளே நின்று பாடவேண்டிய மனிதர் வெளியே பெயின்ற் மணத்துக்குள் இருந்து பாடினார். அவரை அங்கே வைத்த நான் உள்ளே முதல் வரிசையில் நின்றேன்.

கும்பாபிஷேக நாள் வந்தது. வெள்ளிக்காசுகள் தாம்பாளங்களில் முருகனின் முன்னால் வந்தன. ஐயர் ஒவ்வொன்றாக எடுத்து முருகன் பக்கம் மேலே வருமாறு அடுக்கினார். முந்நூறு காசு. வீடியோக்காரர் காத்திருந்தார். தலைவர் குனிந்து, ஒரு தாம்பாளத்தையாவது மற்றப் பக்கம் திருப்பச் சொன்னார்.

ஐயர் நிமிரவில்லை. “முந்தி ஒருக்கால் எனக்குத் தெரியாமல் நடந்தது. இனி என்ரை கையாலை நடக்காது” என்று சொல்லிவிட்டுத் தீபத்தை ஏற்றினார்.

காசு வீடுகளுக்குப் போனது. எல்லோரும் சாமி அறையில் வைத்தார்கள், பொட்டு வைத்தார்கள், பூ வைத்தார்கள். சாமி அறையில் காசை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? வேறு வழியே கிடையாது. தலைவர் தொழில் காரணமாக வீடு வீடாகப் போகிறவர். போன வீடெல்லாம் சாமித் தட்டைப் பார்க்கிறார், தன் முகம் விபூதிக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. ஒரு மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் கையில் எடுத்தவர் குடிக்கவில்லை.

“எல்லா வீட்டிலையும் நான் குப்புறக் கிடக்கிறன், செக்கிறட்டரி. நேற்று அம்மாவைப் பாக்கப் போனன். அவவும் குப்புறத்தான் வைச்சிருக்கிறா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் மேல் இரக்கம் வந்தது. அவரே சொன்னார், அந்தாளை வரச் சொல்லி எழுதுமென்று. அன்றைக்கே எழுதினேன். தபாலில் போட மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை பூசைக்கு முன் கராஜுக்குக் கொண்டுபோனேன்.

ரோமாபுரியார் கதிரையில் இருந்தபடி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“முதல் கடிதத்திலையும் உம்மடை கையெழுத்துத்தான். போடேக்கை, நான் சொன்னது சரியெண்டு உமக்குத் தெரியுமோ, தெரியாதோ?”

“தெரியும் அண்ணை.”

“தெரிஞ்சுகொண்டு போட்டனீர்.”

“ஓம்.”

கராஜுக்குள் யாரோ ஒரு கதவைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள், டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். தான் வாற மாதம் மகளோடு கிழக்கே அஜக்ஸ் நகருக்குக் குடிபோவதாகச் சொன்னார். அங்கே வீடு மலிவாம். தனக்குக் கார் ஓட வராது, அங்கேயிருந்து பஸ் பிடித்து வந்தால் பூசை முடிந்துவிடும்.

“அப்ப வெள்ளிக்கு வெள்ளி என்னை ஆர் கொண்டுவாறது?” என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“நான் வாறன் அண்ணை.”

“வாரும். அதுதான் உமக்குப் பிராயச்சித்தம்” என்று எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வாசல் வழியாகக் கோயிலுக்குள் நடந்தார். அன்றைக்கு அவர் பாடும்போது முதல் வரியில் குரல் அடைத்தது. ஐயர் தீபத்தைத் தாழ்த்தாமல் காத்துக்கொண்டு நின்றார். இரண்டாம் முறை வந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

இது நடந்து நாலு வருடம். வெள்ளிக்கிழமை பின்னேரம் 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போய்த் திரும்பி வந்தவர்களுக்குத்தான் நான் சொல்வது விளங்கும். முழு ரொறொன்ரோவும் அந்த நேரத்தில்தான் அந்தத் தெருவில் நிற்கிறது. போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். அவர் ஏறியதும் பெல்ற்றைப் போடுமுன்னரே தொடங்கிவிடுவார். என் ஓட்டம் சரியில்லை. நான் போடும் செய்தி சரியில்லை. பிரேக் பிடிப்பது லொறிக்காரன் மாதிரி இருக்கிறது. ஸ்காபரோவுக்குள் இறங்கினால் பஸ் தரிப்பிடம் தோறும் வீடு விற்கும் முகவர்களின் முகங்கள், ஒவ்வொன்றாகக் காட்டி அங்கை பாரும் கொமோடஸ், இஞ்சை பாரும் கொன்ஸ்ரன்ரைன் என்று பெயர் வைத்துத் திட்டிக்கொண்டு வருவார். வழியில் கழிப்பறைக்குப் போகவேண்டி வந்தால் டப்பா என் மடிக்கு வரும். ஒரு நாளாவது பெற்றோல் செலவைப் பற்றிக் கேட்டதில்லை, நன்றி என்று ஒரு சொல் சொன்னதில்லை. மற்ற ஆறு நாளும் அவர் சொன்ன ஏச்சுகளுக்கு நான் காருக்குள் தனியே பதில் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

போன கிழமை அவரை இறக்கிவிட்டபோது மகள் வெளியே வந்தாள். என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டி, “அங்கிள், ஃபோர் இயர்ஸாய் வாறியள், இட்ஸ் நொட் ஃபெயர். பக்கத்து வீட்டு அங்கிளும் ஃப்ரைடே கோயிலுக்குப் போறவர், அப்பாவைத் தான் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னவர். நீங்கள் ரெஸ்ற் எடுங்கோ” என்றாள்.

நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். கடிதம், கையெழுத்து, பிராயச்சித்தம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டுக் காரைப் பின்னால் எடுத்தேன். சொன்னதெல்லாம் பொய். அந்த மனுசன் வேறொருவருடைய காரில் ஏறி, வேறொருவரைத் திட்டிக்கொண்டு வருவதை என்னால் சகிக்க முடியாது.